வலியில் சொன்ன சொல்

எங்கள் வீட்டு அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் மகப்பேற்றின்போது வாங்கியது. ஸ்கேன் எடுத்த தேதிகள், இரும்புச்சத்து மாத்திரைக் கணக்கு, ரத்த அழுத்தம், அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் என்று மாதாமாதம் நிரப்பிக்கொண்டு வந்தோம். அதன் பதினேழாம் பக்கத்தில், 2022 நவம்பர் மாதத்துத் தேதியிட்டு, இரண்டே வாக்கியங்கள் இருக்கின்றன. ‘எபிட்யூரல் வேண்டாம். நானே கேட்டாலும் வேண்டாம்.’ கீழே எங்கள் இருவரின் கையொப்பம். பாதி விளையாட்டாகப் போட்டதுதான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தால் எங்களுக்குள் ஒரு விஷயம் இன்றுவரை தீராமல் கிடக்கிறது.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருத்தி எழுதியதை ஒருவன் அடிப்பதும், அவன் சேர்த்ததை அவள் நீக்குவதுமாக ஒரு வாரம் போயிற்று. முடிவை நாங்கள் எடுத்தோம் என்று எழுதலாம். மருத்துவமனைக்கு நாங்கள் போனோம் என்றும் எழுதலாம். நாங்கள் வலி பட்டோம் என்று மட்டும் எழுத முடியவில்லை. தமிழில் எத்தனை பன்மை இருந்தாலும் அந்த வினைக்கு ஒருமைதான் பொருந்துகிறது. ஆகவே வேண்டிய இடங்களில் எங்களில் ஒருத்தி, எங்களில் ஒருவன் என்று பிரித்துச் சொல்லிக்கொள்கிறோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாங்கள் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, தேவனேரியில் வாடகை வீட்டில் இருந்தோம். மாலையில் வெயில் தாழ்ந்ததும் கடற்கரையோடு நடந்து கோயில்வரை போவோம். வழியெல்லாம் கல் உளியின் ஓசை. சில நாட்களில் ஊருக்குள் சென்று கிருஷ்ண மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கே சுவரில் ஆயன் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நக்கிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு அதன் முன் உட்காரும்போது வரும் மனநிலையைப் பக்தி என்பதா, அச்சம் என்பதா, தெரியவில்லை. எபிட்யூரல் பற்றிய பேச்சு எங்களுக்குள் முதலில் வந்தது அங்கேதான்.

பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு விளம்பரப் பலகை. ‘வலியில்லாப் பிரசவம்’ என்று கொட்டை எழுத்தில், சிரிக்கும் தாயும் தூங்கும் சேயுமாக, நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. நம் மொழியின் விசித்திரத்தை அன்றுதான் கவனித்தோம். வயிற்றைக் கிழிக்காமல் பிள்ளை பிறந்தால் அதற்குச் சுகப்பிரசவம் என்று பெயர். பதினெட்டு மணி நேரம் அலறிப் பெற்றாலும் சுகப்பிரசவம்தான். அந்தச் சுகம் யாருக்கு என்று பெயர் வைத்தவர்கள் சொல்லவில்லை. வலிக்கோ எத்தனை பெயர்கள்! சூட்டு வலி, பொய் வலி, இடுப்பு வலி, பிள்ளை வலி. நடுநிசியில் வயிறு இழுத்துப் பிடித்தால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அடங்கிவிட்டால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் பிள்ளை வலி. இவ்வளவு நுணுக்கமாக வலியைப் பிரித்தறிந்த பாட்டிமார்கள், அதைக் குறைப்பதைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை.

பேசினோம். எல்லோரிடமும் பேசினோம். அதுவே பிழையோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு முதுகில் ஊசி என்றாலே ஆகாது. “காலத்துக்கும் இடுப்பு வலிடி. நம்ம எதிர்வீட்டுக்காரி குனிஞ்சு கோலம் போட முடியாம நிக்கறா பாரு” என்றார். எதிர்வீட்டு அம்மையாருக்குப் போட்டது எபிட்யூரல் அன்று. அறுவை சிகிச்சைக்காகப் போட்ட தண்டுவட ஊசி. இரண்டும் முதுகில்தான் போடப்படுகின்றன, இரண்டும் வேறு. எங்களில் ஒருவனின் அம்மா, “நாங்க பெத்துக்கலையா?” என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். அத்தை ஒருவர், “எனக்கும் அந்த ஊசி போட்டாங்க, ஒண்ணும் வலி குறையல” என்று ஆணித்தரமாகச் சொன்னார். விசாரித்ததில் அவருக்குப் போட்டது எபிடோசின். கருப்பை வாய் விரைந்து விரிவதற்காக நம் ஊர்ப் பிரசவ அறைகளில் போடப்படும் மருந்து அது. பெயர் ஒத்துப்போன பாவத்துக்கு எபிட்யூரல் பழி சுமந்தது.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். மீனவக் குடும்பம், மூன்று பிள்ளைகள், மூன்றையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றவர். வலை உலர்த்திக்கொண்டே, “நர்சம்மா நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா வேணுமா வேணாமான்னு என்ன யாரு தங்கச்சி கேட்டா? கேட்டிருந்தா போடச் சொல்லியிருப்பேன்” என்றார். அவர் சொன்னதை அன்று நாங்கள் போதிய அளவு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்ற யோசனையிலேயே மூழ்கியிருந்தோம். அவருக்கு அந்தத் தேர்வே இல்லை. மயக்கவியல் மருத்துவர் இல்லாத இடத்தில் எபிட்யூரல் என்பது வெறும் சொல்.

படிக்கவும் செய்தோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 ஜனவரியில் பிரசவத்துக்கு ஈதரைப் பயன்படுத்தினார். அந்த ஆண்டு முடிவதற்குள் குளோரோஃபார்முக்கு மாறினார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்கு விதிக்கப்பட்டிருக்க, அதை நீக்க மனிதன் யார் என்று எதிர்ப்பு எழுந்தது. சிம்ப்சன் அதே வேதாகமத்திலிருந்து பதில் கொடுத்தார். ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் கடவுள் அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை வரவழைக்கவில்லையா என்று கேட்டார். ஆணுக்கு முதல் மயக்க மருந்து கடவுளே கொடுத்தது. பெண்ணுக்கு மட்டும் ஏன் கூடாது? இந்த வாதம் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது ஜான் ஸ்நோ கைக்குட்டையில் குளோரோஃபார்ம் சொட்டி முகரக் கொடுத்தார். லண்டனில் காலரா தண்ணீரால் பரவுவதை அடுத்த ஆண்டு நிறுவிய அதே ஸ்நோதான். மகாராணி முகர்ந்த பிறகு வாதங்கள் மெல்ல அடங்கின. முதுகின் வழியே மரத்துப்போகச் செய்யும் முறை பிற்பாடு வந்தது. ஸ்பெயின் நாட்டு ராணுவ மருத்துவர் ஃபிடல் பாஹெஸ் 1921இல் அதைப் பற்றி எழுதினார்.

இன்று அதைச் செய்யும் விதம் இது. இடுப்புப் பகுதியில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துகிறார்கள். தண்டுவடத்தைச் சுற்றிய உறையைத் துளைக்காமல், அதற்கு வெளியே இருக்கும் மெல்லிய இடைவெளியில் நிறுத்துகிறார்கள். அங்கே நூலளவு குழாய் ஒன்றை விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுகிறார்கள். பிறகு தேவைக்கேற்ப மருந்து. உறை தவறுதலாகத் துளைபட்டால் கடுமையான தலைவலி வரலாம். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு அப்படி நேரும் என்பார்கள். ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீர் கட்டிக்கொள்ளலாம். 40 ஆய்வுகளில் 11,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2018இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. எபிட்யூரலால் சிசேரியன் கூடவில்லை, நாள்பட்ட முதுகுவலியிலும் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. பிரசவ நேரம் மட்டும் சற்று நீள்கிறது. கருவி வைத்து இழுக்கும் நிலை முன்பு கூடுதலாக இருந்தது. 2005க்குப் பிந்தைய, குறைந்த அளவு மருந்து கொடுக்கும் ஆய்வுகளில் அதுவும் தெரியவில்லை. கேட்கும் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே 2018இல் பரிந்துரைத்துவிட்டது.

ஆக, அறிவுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தும் வேண்டாம் என்று எழுதினோம். அதற்குக் காரணம் செங்கல்பட்டு.

எங்களில் ஒருத்தி பிறந்து வளர்ந்தது அந்த ஊரில். ஊரை ஒட்டிய திருமணியில் 1924இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1955இல் இந்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அவளுடைய பெரியப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்தே அவர் வாயால் அவள் கேட்டு வளர்ந்த கதை பால் பிராண்டின் கதை. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பிராண்ட், 1947இல் திருமணிக்கு வந்தார். அங்கே பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக் காட்டினார். (மேலே சொன்ன ஆய்வுத் தொகுப்பின் காக்ரேன் வேறொருவர். இந்தப் பெயர் ஒற்றுமையும் எங்களைச் சில நாள் குழப்பியது.) விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, இறுக்கிப் பார் என்றார் பிராண்ட். அவன் இறுக்கிய இறுக்கில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. இறுக்கியவன் முகத்திலோ எந்தச் சலனமும் இல்லை. தசைகள் சாகவில்லை, உணர்வுதான் போய்விட்டது என்பதை அந்த ஒரு கைப்பிடியில் அவர் கண்டுகொண்டார். தொழுநோயில் சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் கல் குத்தியதும் தீ சுட்டதும் தெரியாமல் போய், புண்ணாகி, விரலாக விரலாக உடம்பு தேய்கிறது. வலி ஒரு கொடை என்று பிற்காலத்தில் பிராண்ட் புத்தகமே எழுதினார்.

இதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு மரத்துப்போதல் என்ற சொல் வெறும் மருத்துவச் சொல் இல்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள் என்று படித்தபோது அவள் கண்முன் வந்தவை திருமணிச் சாலையோரம் கட்டுப்போட்டு நடந்த கால்கள். வலி காவல் என்றால், காவலை எதற்கு அனுப்பிவிட வேண்டும்? இதையும் பெரியப்பாவிடமே போய்க் கேட்டோம். எண்பது வயதில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, சிறிது நேரம் யோசித்தார். “காவக்காரன் கத்தினா எழுந்து போய்ப் பாக்கணும், சரி. யாரு வந்திருக்கான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு, வெளக்கும் ஏத்தி வெச்சாச்சு. அப்புறமும் அவன் விடிய விடியக் கத்தணுமாம்மா?” என்றார்.

நல்ல பதில். ஆனால் அவள் அசையவில்லை. கொஞ்சம் அந்தப் பழைய கால்களின் நினைவு, கொஞ்சம் அம்மாவின் பயம், அதற்குமேல் தன்னால் முடியும் என்ற வீம்பு. இந்த வலி எப்படி இருக்கும் என்று அறிந்துகொள்ளும் ஆவலும் இருந்ததாக இப்போது சொல்கிறாள். எப்படியோ, முடிவு அவளுடையது. அதோடு விட்டிருக்கலாம். “வலி வந்ததும் மனசு மாறிடும். அப்ப நான் கேட்டாலும் நீங்க விடாதீங்க. சத்தியம் பண்ணுங்க” என்றாள். எங்களில் ஒருவன் சத்தியம் செய்தான். பதினேழாம் பக்கம் அப்படி வந்தது.

வளைகாப்பு முடிந்து வழக்கப்படி அவள் செங்கல்பட்டில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தேவனேரியில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு இருந்த ஒரே நிம்மதி, அவள் அங்கே இல்லை என்பது. புயல் போய்ப் பதினோரு நாள் கழித்து, இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். புயலில் சாய்ந்த மரங்கள் அறுபட்டுச் சாலையோரம் இன்னும் கிடந்தன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று சொல்லப்படும் குளம் இருளில் கிடந்தது. பன்னிரண்டு ஆண்டு! அந்தக் குளத்துக்கும் வலிக்குமோ என்ற பைத்தியக்கார யோசனையெல்லாம் வந்ததாக அவன் சொல்கிறான்.

அது ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. மகப்பேறு மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். “எபிட்யூரல் வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. அனஸ்தீசியா டாக்டர் இங்க இருக்கறதில்ல, நாலஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறவர். ராத்திரின்னா வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும்.” வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். அவரும் குறித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்குப் பேச்சு நின்றது. அதன்பின் நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. வலி என்ற சொல் அதற்குப் பொருந்தவே இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பல்வலிக்கும் வலி என்கிறோம், இதற்கும் அதே பெயரா? ஒவ்வொரு அலைக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் தூங்கிவிழுந்தாள்; அடுத்த அலை அவளை முடியைப் பிடித்து இழுத்து எழுப்பியது. கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்றார்கள். அப்போது மணி ஒன்று பத்து. அவனுடைய கையைப் பற்றிக்கொண்டு, தெளிவாக, “ஊசி போடச் சொல்லுங்க” என்றாள்.

“நீதானே வேணாம்னு சொன்னே. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கலாம்” என்றான்.

இதை எழுதும்போது எங்களில் ஒருவனுக்குக் கை நகரவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றது அவள்தான். அவன் கல்நெஞ்சன் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். தெளிந்த மனத்தோடு கடற்கரையில் நடந்தவள் சொன்னதா, நெற்றியில் வியர்வை வழியக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் சொல்வதா, இரண்டில் எது உண்மையில் அவளுடைய சொல்? நாளைக்கு அவளே, ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? செவிலியர் பெண்ணும், “தலைப்பிரசவம்னா எல்லாரும் இப்படித்தாண்ணா கேப்பாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க” என்று தைரியம் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். அதன்பின் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும் சமாதானமாகிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பிரசவ வைராக்கியம் என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. புராண வைராக்கியம், மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று மூன்றாகச் சேர்த்துச் சொல்வார்கள். கதை கேட்டு எழுந்ததும் போய்விடுவது முதலாவது, சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும் போய்விடுவது அடுத்தது. இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்று வலியில் சொல்பவள் அடுத்த ஆண்டே மசக்கையோடு நிற்பாள் என்ற கேலி மூன்றாவது. எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். வலியில் இருக்கும் பெண் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு மொழியே பழமொழி செய்து வைத்திருக்கிறது என்பது அதுவரை எங்களுக்கு உறைத்ததில்லை. மற்ற இரண்டு வைராக்கியங்களிலும் கேலிக்கு ஆளாகிறவன் அவையில் உட்கார்ந்திருந்தவன், பாடைக்குப் பின்னால் நடந்து போனவன். அவன் உடம்பில் எந்த வலியும் இல்லை. அவற்றோடு இதை ஏன் சேர்த்தார்கள்?

நாற்பது நிமிடம் போயிற்று. முடிவில் வாயைத் திறந்தவர், ஆறு மாதமாக முதுகில் ஊசி கூடாது என்று மன்றாடிக்கொண்டிருந்த அம்மா. “மாப்பிள்ளை, அவ கேக்கறா. கூப்பிடச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மயக்கவியல் மருத்துவர் வேறோர் ஊரில், வேறோர் அறுவைக்கு நின்றிருந்தார். வந்து சேரும்போது மூன்றாகிவிட்டது. நடுவயதுக்காரர், தூக்கம் தோய்ந்த முகம். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே அவளிடம் போய்க் குனிந்து, “உங்களுக்கு வேணுமாம்மா? நீங்க சொல்லணும்” என்றார். அந்த இரவில் அவளிடம் கேள்வியாக வந்தது அது ஒன்றுதான் என்கிறாள். ஒப்புதல் தாளில் அவள் போட்ட கையெழுத்தைப் பிற்பாடு கோப்பில் பார்த்தோம். கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே வழிந்து ஓடியிருந்தது. பதினேழாம் பக்கத்துக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தால் எந்த வங்கியும் ஏற்றுக்கொள்ளாது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார். அலை வரும்போதும் அசையக் கூடாது. அதுதான் கடினமாக இருந்தது. ஊசி குத்தியது நினைவிலேயே இல்லை. கால் மணி நேரத்தில் இடப்பக்கம் வெதுவெதுப்பாகி வலி விலகியது. வலப்பக்கம் அப்படியே இருந்தது. பாதி உடம்பு ஒரு பெண்ணுடையதாகவும் பாதி இன்னொருத்தியுடையதாகவும் இருந்தது என்கிறாள். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு என்று சொல்லி, குழாயைச் சற்றே வெளியே இழுத்து, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலும் கொஞ்சம் மருந்து கொடுத்தார். பிறகு முழுவதும் அடங்கியது. மரத்துப்போகவும் இல்லை. காலை அசைக்க முடிந்தது, அம்மா பாதத்தைத் தொட்டது தெரிந்தது. வயிறு கல்லாக இறுகுவதும் தளர்வதும் தெரிந்தன, வலி மட்டும் இல்லை. திருமணிச் சாலையின் கால்களோடு இதை ஒப்பிட்டதை நினைத்து அந்த நிலையிலும் வெட்கமாக இருந்ததாம். ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். மார்கழி மாதம். நாலரை மணிக்கு எங்கோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. நடுவே ரயில் ஊதியது. உடம்பெல்லாம் அரித்தது, மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதால் அப்படி இருக்கும் என்றார்கள். ஆறு இருபதுக்கு எங்கள் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

பார்க்க வந்தவர்களெல்லாம் முதல் கேள்வியாக, “நார்மலா?” என்றார்கள். ஆமாம் என்றதும் மலர்ந்த முகம், முதுகில் ஊசி போட்டதைச் சொன்னதும் வாடியது. அப்படி வாடியவர்களில் பாதிப்பேர் சிசேரியனில் பெற்றவர்கள், அல்லது பெற்றவர்களின் தாயார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கும் முதுகில்தான் ஊசி. அதைப் பற்றி எந்த வீட்டிலும் பட்டிமன்றம் நடப்பதில்லை. அறுப்பதற்காக மரத்துப்போகச் செய்தால் அது மருத்துவம். வலிக்கிறது என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டால் மட்டும் அது சொகுசாகிவிடுகிறது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அவளுக்கு ஆறேழு மாதம் இடுப்பு வலி இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தைலம் மட்டும் தேய்த்துவிட்டார். குனிந்து பால் கொடுப்பதும் தூக்கிச் சுமப்பதும் காரணம் என்றார் மருத்துவர். ஊசியால் இல்லை என்று எங்களால் கற்பூரம் அடித்துச் சொல்ல முடியாது. படித்தது அப்படிச் சொல்கிறது; நம்புகிறோம்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி நீண்ட நாள் பேசவில்லை. மகளுக்கு எட்டு மாதமானபோது மறுபடி கிருஷ்ண மண்டபத்துக்குப் போயிருந்தோம். பசுவைப் பார்த்து அவள் கையை நீட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். அப்போது எங்களில் ஒருத்தி, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள். “நோட்டுல எழுதினவளை மட்டும் நான்னு எடுத்துக்கிட்டீங்க. அப்ப கட்டில்ல கெடந்தவ யாரு?” தான் செய்யச் சொன்ன சத்தியம் அது என்பதையும் அவள் மறுக்கவில்லை. “என் தப்பும் இருக்கு. ஆனா மூணு தடவ கேட்டேன்.” எங்களில் ஒருவன் மன்னிப்புக் கேட்டான். கேட்டதை அவள் ஏற்றுக்கொண்டாள். இருந்தாலும், யாராவது பிரசவம் பற்றிப் பேச்செடுத்தால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. இப்போது ஐந்து மாதம். “அந்த ஊசி எங்க போடுவாங்க, எவ்வளவு ஆவும்?” என்று அக்கா விசாரித்தார். எங்கே என்று சொன்னோம். எவ்வளவு என்று சொன்னதும், வலையின் சிக்கலை எடுத்துக்கொண்டே, “சரி பாப்போம்” என்றார்.

எங்களுக்கும் வரும் மாசியில் இரண்டாவது. அதே நீல நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறோம். இம்முறை போடுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. சில நாள் வேண்டும் என்கிறாள், சில நாள் பார்க்கலாம் என்கிறாள். எதையும் எழுதி வைக்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் மயக்கவியல் மருத்துவரின் கைபேசி எண் மட்டும், இரண்டு பேர் கையெழுத்திலும் இரண்டு முறை இருக்கிறது.